மாமி வீட்டில் மட்டும் முனகிய விசிறி

லேப்டாப் விசிறியின் சத்தத்தை ஃபோனில் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, சர்வீஸ் சென்டர் பிள்ளைகள் கேக் வெட்டிவிட்டு, அதை ஒரு வித்தைபோலச் செய்து காட்டச் சொன்னார்கள். அது பொய் என்று சொன்னால் யாரும் நம்புவதாக இல்லை. காய்ந்துபோன அச்சின் கரகரப்பு, இறகில் ஏதோ தட்டும் டிக் டிக், தூசி அடைத்த மூச்சிரைப்பு, இந்த மூன்றை மட்டும் ஃபோனில் பிரித்துச் சொல்ல முடியும். மற்றதெல்லாம் எனக்கும் வெறும் இரைச்சல்தான்.

இப்போது யாரும் காது கொடுப்பதில்லை. சத்தம் என்று புகார் வந்தால் விசிறியை அப்படியே கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். வாடிக்கையாளர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று படியிறங்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பின்னாலேயே வந்து கேட்டாள்: “சேச்சி, புதுசு மாத்தியும் அதே சத்தம் வந்தா என்ன செய்வீங்க?”

எத்தனையோ ஆண்டுக்கு முன் அதே கேள்வி என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்று படிக்கட்டில் வைத்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கொஞ்ச காலம் டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். கல்யாணம் ஆனது, வீட்டுக்காரர் கத்தாருக்குப் போனார், மகள் ஷைனி பிறந்தாள். அவள் வாயாடத் தொடங்கிய வயதில் திருவனந்தபுரத்தில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் லேப்டாப் என்பது டாக்டர்களும் ஆடிட்டர்களும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பொருள். அதன் விலைக்குக் களியக்காவிளையில் ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்று அம்மா சொல்வாள்.

எங்கள் சென்டர் ஓவர்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. வாடிக்கையாளர்கள் வந்து போகும் முன்னறைக்கு ஒரு சீலிங் ஃபேன் உண்டு. நாங்கள் வேலை செய்த பின்னறைக்குத் தகர ஷீட் கூரை. மார்ச் மாதம் வந்துவிட்டால் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியே சுடும்.

அந்தப் பின்னறையின் தலைவர் வர்கீஸ் சார். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் எலக்ட்ரிகல் பிரிவில் பல வருஷம் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். ஆனால் வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்கும். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் அதிகமானால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். பின்னறையில் எல்லாருக்கும் அவருடைய கண்ணாடியின் மேல் ஒரு கண் இருக்கும்.

அவருடைய முறை இது. சத்தம் என்று ஒரு மெஷின் வந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது. பச்சை ரப்பர் விரிப்பில் வைத்து, ஓடவிட்டு, முதலில் கேட்க வேண்டும். ரீஃபில் எடுத்த ஒரு பால்பாயிண்ட் பேனாக் கூடு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதன் ஒரு முனையை மெஷினில் வைத்து மறுமுனையைக் காதில் வைப்பார். டாக்டர் முதுகில் நகர்த்துவதுபோல மெல்ல நகர்த்துவார். இடது மூலையில் ஹார்ட் டிஸ்க், வலது பக்கம் சிடி டிரைவ், பின்னால் விசிறி. மூன்றும் சுற்றுபவை; மூன்றும் ஒன்றின் குற்றத்தை இன்னொன்றின் தலையில் போடும். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியை அடிப்பக்கத்துக் காற்றுத் துளை வழியாக விட்டு விசிறியை ஒரு கணம் நிறுத்துவார். சத்தமும் நின்றால் விசிறிதான். நிற்காவிட்டால் விசிறி நிரபராதி.

கழற்றும்போது திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில், கழற்றிய வரிசைப்படி போட வேண்டும். தூசியை ஊதும்போது இறகுகளுக்கு நடுவில் தென்னை ஈர்க்கில் ஒன்றைச் செருகி, விசிறி சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுகிற வேகத்தில் அதைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தால் வர்கீஸ் சாரின் கை கண்ணாடிக்குப் போய்விடும்.

“அதிண்டெ வயசு கூடும்” என்பார். “நீ ஓடச் சொல்லாத்த ஓட்டம் அது. கேட்டோ?”

ஒருநாள் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். ஃபேன் போய்விட்டது, ரயில் போகிற மாதிரி சத்தம், உடனே புதியது மாட்ட வேண்டும் என்றார். வர்கீஸ் சார் பேனாக் கூட்டை வைத்துக் கேட்டார். வலது பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. விளிம்பில் கீறல் விழுந்த ஒரு சிடி. அவர் மகளின் கல்யாண வீடியோ.

“சாரே, கல்யாணம் கழிஞ்சல்லோ” என்று அதை அவர் கையில் கொடுத்தார் வர்கீஸ் சார். “இனி எடுத்து வைக்கலாம்.”

ஆசிரியர் சிரித்துக்கொண்டே போனார். வர்கீஸ் சார் சிரிக்கவில்லை. அவருக்கு அது நகைச்சுவை அல்ல, முறை.

அந்தக் காலத்தில் சர்வீஸ் சென்டருக்குப் பெண்கள் வந்தால் கௌண்டரில் உட்காருவார்கள். மெஷினை வாங்கி, ரசீது எழுதி, சிரித்து அனுப்ப வேண்டும். நான் பின்னறையில் ரிப்பேர் பெஞ்சு கேட்டேன். வர்கீஸ் சார் என் டிவி ரிப்பேர் அனுபவத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு, “இருந்து பார்க்கட்டும்” என்றார். அந்தப் பெஞ்சு எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

தினமும் காலையில் நான் களியக்காவிளையில் பஸ் ஏறும்போது ஷைனி அழுவாள். சாதாரண அழுகை இல்லை. மூச்சு நின்று, முகம் கறுத்து, பிறகு வெடிக்கும் அழுகை. அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் நின்று கேட்பாள்:

“பிள்ள இப்பிடிக் கரையுது. கம்ப்யூட்டருக்க ஃபேனுக்கு வைத்தியம் பாக்கியதுக்குத்தானா நீ போற?”

“ஆமா, அதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். அந்த ஒரு பதிலில்தான் நான் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினேன். ரசீது எழுதுவதற்காக அந்த அழுகையை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் என்னால் ஒருநாள்கூட ஏறியிருக்க முடியாது. நான் இயல்பிலேயே பயப்படுகிறவள். இன்று ஷைனி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அறைக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்போது எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த நிலையில்தான் கொச்சியில் இருந்த எங்கள் மண்டல அலுவலகம் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே மெஷின் ஒரே புகாரோடு மறுபடி மறுபடி வந்தால், அதைப் பார்த்தவர் பெஞ்சிலிருந்து கௌண்டருக்கு மாற்றப்படுவார். விதி வந்த கொஞ்ச நாளில் லலிதா மாமி வந்தாள்.

ஸ்ரீவராகத்துத் தெரு ஒன்றில் மாமியின் வீடு. முன் ஹாலை அடைத்து, ஏசி போட்டு, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நடத்தினாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றி மைக்கில் பேசிவைப்பார்கள். அந்த ஒலி இங்கே வரும். ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுப் பெண்கள் டைப் அடிப்பார்கள். கடைசியாக மாமி தன் லேப்டாப்பில் எல்லாவற்றையும் மறுபடி கேட்டுத் திருத்தி அனுப்புவாள். காதால் பிழைப்பவள். அவளுக்குச் சத்தம் கேட்கிறது என்றால் சத்தம் இருக்கிறது.

துணிப்பையில், பூத்துவாலை சுற்றி, குழந்தையைக் கொண்டு வருவதுபோல அந்த லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள்.

“எந்தாக்கும்னு பாரு கொழந்தே. கார்த்தாலே தொறந்தா அம்மி அரைக்கற மாதிரி முனகறது.”

பெஞ்சில் வைத்து ஓடவிட்டேன். பூனைக்குட்டிபோல அமைதியாக ஓடியது. கழற்றிப் பார்த்தேன். இறகுகளில் பிசுக்கோடு தூசி. வீடுகளிலிருந்து வரும் மெஷின்களில் சமையலறைப் பிசுக்கு ஏறியிருப்பது வழக்கம்தான். துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

மறுபடி வந்தாள். அதே முனகல். பெஞ்சில் அதே அமைதி. வாரண்டி இருந்ததால் வர்கீஸ் சாரிடம் கேட்டுப் புதிய விசிறியே மாட்டினேன். முன்பைவிட அமைதியாக ஓடியது. மாமி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் வந்தாள். இந்த முறை பூத்துவாலை இல்லை.

“புதுசு போட்டேன்னு சொன்னாய். புதுசும் முனகறது. காதுலே டாக்டர் பேசறார், கீழே இது பேசறது. ரெண்டையும் சேர்த்து டைப் பண்ணி அமெரிக்காவுக்கு அனுப்பட்டுமோ?”

ஓடவிட்டேன். அமைதி. மாமி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். மதியம்வரை இருந்தாள். தகரக் கூரையின் வெக்கையில் முந்தானையால் விசிறிக்கொண்டே அதை முறைத்தாள்.

“பாரு, எத்தனை சமத்தா இருக்கு. உங்க முன்னாலே என்னைப் பொய்க்காரி ஆக்கறது.”

அவள் போன பிறகு வர்கீஸ் சார் வந்து பேனாக் கூட்டை வைத்து வெகு நேரம் கேட்டார். ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“கோளாறு இல்லைன்னு எழுதித் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவாங்க கொச்சியில்” என்றார். “கொடுத்தா இது திரும்ப வரும். வந்தா, ராணி, நான் ஒண்ணும் செய்ய முடியில்லா.”

“அந்தச் சத்தம் அவங்க வீட்டுலதான் இருக்கு சாரே. நான் அங்க போய்க் கேக்கணும்.”

“மெஷின் நம்ம கிட்ட வரும். நாம மெஷின் கிட்ட போறதில்லை. அது விதி.” கண்ணாடியை மறுபடி துடைத்தார். அந்தக் கோபம் என் மேல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. “உன் பஸ் ஸ்ரீவராகம் வழி போகுமோ?”

“இல்ல சாரே. கிள்ளிப்பாலம் வழிதான்.”

“நாளைக்கு அந்த வழி போகட்டே” என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

மாலையில் மாமி வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை கிழக்கேகோட்டையில் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். ஹாலின் கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அறைந்தது. இரவெல்லாம் பெண்கள் முறை வைத்து டைப் அடிக்கிற இடம். கம்ப்யூட்டர்கள் சூடாகக் கூடாது என்று ஏசியை நிறுத்துவதே இல்லை. நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த லேப்டாப்பை மாமி திறந்து பொத்தானை அழுத்தினாள்.

முனகியது.

எங்கள் பெஞ்சில் ஒருதரம்கூடக் கேட்காத சத்தம். அம்மி அரைப்பதேதான், இழுத்து, தேங்கி, மறுபடி இழுத்து. நான் வர்கீஸ் சாரைப் போலவே ஒரு பேனாவைப் பிரித்து வைத்துக் கேட்டேன். பஞ்சுக்குச்சியால் ஒரு கணம் நிறுத்தினேன். முனகலும் நின்றது. விசிறிதான்.

“கேட்டாயோ? கேட்டாயோ?” என்றாள் மாமி. அந்த வெற்றியில் அவள் முகம் கோபத்தையே மறந்திருந்தது.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே முனகல் மெலிந்தது. மெஷின் சூடேற ஏற இழுவை குறைந்து, கடைசியில் எங்கள் பெஞ்சில் கேட்கும் அதே அமைதிக்கு வந்து சேர்ந்தது. அப்படியானால் குளிர்தான். குளிரில் பிளாஸ்டிக் சுருங்கி இறகு எங்கோ உரசுகிறது என்று நினைத்தேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மெஷின் சூடாவதற்கு முன், இந்த அறையிலேயே, கழற்ற வேண்டும்.

வாடிக்கையாளர் வீட்டில் மெஷினைத் திறக்கவே கூடாது என்பது எங்கள் விதிகளிலேயே பெரிய விதி. மாமியின் லேண்ட்லைனிலிருந்து வர்கீஸ் சாரைக் கூப்பிட்டேன்.

“சாரே, இங்க வெச்சே கழட்டணும்.”

மறுமுனையில் அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

“ராணி, லைன் சரியில்லா. நீ பறயுறது ஒண்ணும் கேக்கலை.” குரலைத் தாழ்த்தினார். “ஜன்னல் கம்பியைத் தொட்டுட்டுத் தொடங்கு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடம்பில் இருக்கும் மின்சாரம் கம்பி வழியாக இறங்கட்டும் என்பதற்குத்தான் அது. தொட்டேன். ஆனால் நான் அங்கே இறக்கியது மின்சாரத்தை மட்டுமல்ல. பயத்தையும்தான்.

மெஷினை அணைத்துவிட்டு மறுபடி குளிரக் காத்திருந்தோம். மாமி காப்பி கொண்டுவந்தாள். அன்று அனுப்ப வேண்டியதை அவளே இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அனுப்பி முடித்தாள். “முட்டை அட்டை இருக்குமா மாமி?” என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

“நம்மாத்துலே முட்டையா?” என்றாள் அவள். பிறகு பணியாரக் கல்லை எடுத்து வந்து வைத்தாள். அதன் குழிகளில் திருகாணிகளை வரிசையாகப் போட்டேன். அடிமூடியைத் தூக்கினேன்.

இறகு எங்கும் உரசவில்லை. ஆனால் விசிறியின் நடுவில், அச்சைச் சுற்றி, வெள்ளையாக மெழுகு போல ஒன்று உறைந்திருந்தது. நான் மாட்டிய புதிய விசிறி. மெழுகுவர்த்தி உருகி வழிந்து நின்றதுபோல இருந்தது. நகத்தால் துளி சுரண்டி விரல்களுக்கிடையில் தேய்த்தேன். வெள்ளை போய்த் தெளிந்த எண்ணெயாகிவிட்டது. முகர்ந்தேன்.

எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்போம். அந்த ஏசி அறையில் பன்னிரண்டு மாதமும் மார்கழி.

“மாமி, இதுல எண்ணெ ஏதாவது விட்டீங்களா?”

“பின்னே விடாமல்?” என்றாள் மாமி, நான் தலை வாரினாயா என்று கேட்டதுபோல.

“எங்க சென்டர்ல ஒவ்வொரு தரமும் கேட்டேனே, மெஷினைத் திறந்தீங்களா, ஏதாவது செஞ்சீங்களான்னு.”

“நான் எங்கே தொறந்தேன்? கீழே ஜன்னல் அழி மாதிரி துவாரம் இருக்கோல்லியோ, அது வழியா இங்க் ஃபில்லராலே ரெண்டு சொட்டு. தையல் மெஷினுக்கு விடறேன், கதவுக் கீலுக்கு விடறேன், பேரனுக்கு உச்சந்தலையிலே வைக்கறேன். அதெல்லாம் ரிப்பேரோ? முனகும்போது விட்டா செத்தெ நாழியிலே நின்னுடும். அப்புறம் எண்ணெ கேக்கறதுன்னு நினைச்சேன்.”

அது தானாகவே நிற்கும்; சூட்டில் உறைந்த எண்ணெய் உருகி நிற்கும். ஆனால் விட்டதும் நிற்பதால் எண்ணெய்தான் மருந்து என்று தோன்றியிருக்கிறது. முனகலைக் கேட்டு எண்ணெய் விட, எண்ணெய் உறைந்து முனக, மறுபடி விட. ஒவ்வொரு முறை சென்டரிலிருந்து வீடு திரும்பியதும், நல்லபடியாக ஓடட்டும் என்று தனியாக இரண்டு சொட்டும் விட்டிருக்கிறாள். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அது வெறும் பிசுக்கு. அதைத்தான் நான் சமையலறைப் பிசுக்கு என்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எண்ணெ வேண்டாம் மாமி. இதுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம்.”

“எண்ணெ விடாமல் சுத்தற ஒரு சக்கரம் லோகத்திலே உண்டோடி?” என்றவள், பணியாரக் கல்லையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “செக்குலே ஆட்டின எண்ணெயாக்கும்” என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி. பிறகு அவளே சிரித்துவிட்டாள். “நல்ல எண்ணெதான் உறையும். கடை எண்ணெயா இருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பாயோ?”

லேப்டாப்பையும் கழற்றிய விசிறியையும் எடுத்துக்கொண்டு ஓவர்பிரிட்ஜுக்கு வந்தேன். படியேறும்போதே அன்றைக்குத்தான் கொச்சி மேனேஜர் வரும் நாள் என்பது நினைவுக்கு வந்தது. விதியைக் கொண்டுவந்த மனிதர் அவர்தான். நான் உள்ளே நுழையும்போது வர்கீஸ் சாரிடம் பேசிக்கொண்டிருந்தார். ரிப்பீட் கம்ப்ளெய்ண்ட் என்ற சொல் என் காதில் விழுந்தது.

நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். பையைத் திறந்து விசிறியை எடுத்து நீட்டினேன்.

வெள்ளை எதுவும் இல்லை. ஆட்டோவில் வந்த வெக்கையில் எல்லாம் உருகிவிட்டது. அச்சில் லேசான ஒரு மினுக்கம் மட்டும். எந்த விசிறியிலும் இருக்கிற மினுக்கம்.

கொச்சி மேனேஜர் அதை வாங்கி, விரலால் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“இதில் பிரச்சினை ஒண்ணும் இல்லையே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஷைனியின் முகம் கறுத்து, மூச்சு நின்று, அழுகை வெடிக்கப்போகிற அந்த நொடியில் நிற்பதுபோல நின்றேன்.

“பத்து நிமிஷம் கொடுங்க சாரே” என்றேன்.

எங்கள் கட்டிடத்தின் கீழே ஒரு சர்பத் கடை இருந்தது. விசிறியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வாயைக் கட்டி, ஓடினேன்.

“அண்ணே, இத ஐஸ் பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் வைக்கணும்.”

கடைக்காரர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த தென்காசிக்காரர். எதற்கும் அசராதவர். “மீனா?” என்று மட்டும் கேட்டார்.

“ஃபேன்.”

“அதுக்குமா வேக்குது?” என்று சொல்லி ஐஸ்கட்டிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

மேலே கொண்டுவந்து கவரைப் பிரித்தபோது நடுவில் வெள்ளை பூத்திருந்தது. கை பட்டு உருகிவிடாமல் ஓரத்தைப் பிடித்துப் பெஞ்சில் வைத்தேன். எங்கள் சோதனை சப்ளையின் வயர்களைக் கவ்வவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

தகரக் கூரைக்கு அடியில் முதன்முதலாக அது முனகியது.

பின்னறையில் மற்ற இரண்டு பெஞ்சுகளிலும் கைகள் நின்றன. வர்கீஸ் சார் சட்டைப்பையிலிருந்து பேனாக் கூட்டை எடுத்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அதை மேனேஜரிடம் நீட்டினார். இஸ்திரி போட்ட சட்டையோடு அவரும் குனிந்து காதை வைத்தார். எங்கள் அறை வெக்கைக்கு அது அதிக நேரம் தாங்கவில்லை. முனகல் மெலிந்து, மெலிந்து, நின்று, விசிறி பூனைக்குட்டியாகியது.

“ஒன்னு கூடி” என்றார் மேனேஜர். இன்னொரு தடவை.

மறுபடி கீழே ஓடினேன். மறுபடி ஐஸ். மறுபடி முனகல். அவர் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. கோழிக்கோடு சென்டரிலும் திருச்சூரிலும் இப்படிச் சில மெஷின்கள், இங்கே வந்தால் சரியாக ஓடுகின்றன, திரும்பிப் போனால் சத்தம் என்கிறார்கள், கோளாறு இல்லை என்று எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றார். அங்கேயே கோழிக்கோட்டுக்கு ஃபோன் போட்டார். எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டது. “வாடிக்கையாளரைக் கூப்பிட்டு வெளிச்செண்ண ஒழிச்சோன்னு சோதிக்கு” என்றார். தேங்காய் எண்ணெய் விட்டாரா என்று கேட்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பதில் வந்தது. ஒரு பல் டாக்டர். ஏசி போட்ட கிளினிக். விட்டிருக்கிறார்.

மேனேஜர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் சென்டர்கள் எல்லாவற்றிலும், சத்தம் என்று ஒரு மெஷின் வந்தால் முதலில் கேட்கிற கேள்வி அதுவாயிற்று: எண்ணெய் விட்டீர்களா? திறந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எண்ணெய் விட்டீர்களா என்று கேட்டால், பின்னே விடாமல் என்பார்கள்.

மாமியின் விசிறியை ஸ்பிரிட்டில் கழுவி, அச்சுக்குரிய மெல்லிய எண்ணெயை ஊசி முனையளவு இட்டு, மாட்டிக் கொடுத்தேன். மேனேஜர் கிளம்பும்போது வர்கீஸ் சார் வாசல்வரை போய் அவரிடம் கேட்டார், எனக்குக் கேட்கட்டும் என்றே நல்ல தமிழில்:

“அப்போ இந்தப் பெண் எங்கே உட்காரணும்?”

“எங்கே இருக்கிறாரோ அங்கே” என்றார் மேனேஜர்.

வர்கீஸ் சார் திரும்பி வந்து என்னைக் கடந்து போகும்போது நிற்கவில்லை. “அடுத்த மெஷின் வந்திருக்கு. கேட்டுட்டுத் திற” என்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலையிலும் ஷைனி அழுதாள். வெற்றி தோல்வியெல்லாம் அவளுக்கு என்ன? மூச்சு நின்றது, முகம் கறுத்தது, வெடித்தது. அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் வந்து நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்:

“ஃபேனுக்கு வைத்தியம் பாக்கத்தான் போறேன்.”

அம்மா ஷைனியின் முதுகைத் தட்டிக்கொண்டே, “செரி, வண்டி வருது, போ” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி எடுத்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. முந்தின நாள் நடுங்காமல் வைத்திருந்த நடுக்கமெல்லாம் சேர்ந்து வந்தது. மடியில் இரண்டு கையையும் வைத்து, பாலராமபுரம் தாண்டும்வரை நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓவர்பிரிட்ஜ் வருவதற்குள் நின்றுவிட வேண்டும். பெஞ்சில் வேலை இருந்தது.